சக்கரம் முனகினால்...

அல்லிநகரம் என்று சொன்னால் வெளியூர் அன்பர்கள் சற்று யோசிப்பார்கள். தேனி என்றால் உடனே தெரிந்துகொள்வார்கள். இரண்டும் இன்று ஒரே ஊர்தான். நகராட்சிக்கும் "தேனி-அல்லிநகரம்" என்று இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். 1996-ஆம் வருஷத்தில் மதுரை ஜில்லாவிலிருந்து தேனி தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது, அதற்குத் தலைநகராகும் பாக்கியம் இந்த ஊருக்குக் கிடைத்தது.

இந்த ஊரின் பெருமை அதன் சாலைகளில் இருக்கிறது. கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து மதுரைக்குப் போகிறது ஒரு சாலை. பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்குப் போகிறது இன்னொன்று. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பச்சை வயல்களுக்கும் திராட்சைப் பந்தல்களுக்கும் நடுவே புகுந்து, குமுளி மலைமேல் ஏறுகிறது மூன்றாவது சாலை. போடிநாயக்கனூரைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறிப் போடிமெட்டை அடைந்து, மூணாறுக்குப் போகிறது நாலாவது சாலை.

ரயிலும் இல்லாமல் இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நிறுத்தப்பட்ட ரயில், 2022-ல்தான் தேனிக்குத் திரும்பி வந்தது. போடிக்கு வர அதற்கு மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. அத்தனை காலமும் இந்தப் பள்ளத்தாக்கின் ஜனங்கள் கல்யாணத்துக்கும், கல்லூரிக்கும், ஆஸ்பத்திரிக்கும், சந்தைக்கும் ரப்பர் சக்கரங்களையே நம்பியிருந்தார்கள். இப்பொழுதும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகையால் மோட்டார் வண்டியின் சக்கரத்துக்குள்ளே இருந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல் உழைக்கிற ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அந்தப் பொருளுக்குப் "பேரிங்" என்று பெயர்.

தமிழில் அதற்குத் "தாங்கி" என்று அறிஞர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நல்ல பெயர்தான், வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குவது அதுவே. ஆயினும் எந்த மோட்டார்ப் பட்டறைக்காவது போய், "ஐயா, முன் சக்கரத்துத் தாங்கி தேய்ந்துவிட்டது" என்று சொன்னால், மெக்கானிக் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே நாமும் பேரிங் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

அச்சும் குடமும்

மாட்டு வண்டியைப் பார்த்தவர்களுக்குப் பேரிங்கின் அவசியத்தை விளக்குவது சுலபம். வண்டியின் அச்சு சுழலாமல் நிற்கிறது. சக்கரத்தின் நடுவிலுள்ள குடம் அதன்மேல் சுழல்கிறது. குடம் கழன்றுவிடாதபடி கடையாணி காக்கிறது. பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எவ்வளவு முக்கியம் என்பதைத் திருவள்ளுவரே சொல்லி வைத்திருக்கிறார் அல்லவா? ஆனால் இரும்பும் இரும்பும் உராய்ந்தால் தேய்மானம் உண்டு, உஷ்ணமும் உண்டு. அதற்காகத்தான் வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டி மை தயாரித்து நம் பெரியவர்கள் அச்சுக்குப் போட்டார்கள். மை வறண்ட வண்டி எழுப்பும் "கிரீச்" சத்தத்தை இரண்டு மைல் தூரத்திலிருந்தே கேட்கலாம்.

மணிக்கு மூன்று மைல் போகிற மாட்டு வண்டிக்கு வண்டி மை போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் போகிற மோட்டாருக்கு அது போதாது. சாதாரணக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 550 தடவை சுற்றுகிறது. தேனியிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேருவதற்குள் 40,000 தடவைக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சக்கரமும் கால் டன்னோ, அதற்கு அதிகமோ பாரத்தைச் சுமந்துகொண்டே இந்தச் சுற்றுக்களைச் சுற்ற வேண்டும்.

இதற்கு மனிதன் கண்டுபிடித்த உபாயம் மிகவும் எளியது. கனமான ஆட்டுக்கல்லைத் தரையோடு தரையாக இழுத்தால் மூச்சு வாங்குகிறது. கீழே நாலு உருட்டுக் கட்டைகளைக் கொடுத்தால் ஒரு பையன்கூடத் தள்ளிவிடுகிறான். உராய்வதைக் காட்டிலும் உருள்வது எளிது. இந்தத் தத்துவந்தான் பேரிங். உள்ளே ஓர் எஃகு வளையம். வெளியே ஓர் எஃகு வளையம். நடுவே குண்டுகளோ, உருளைகளோ வரிசையாக இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் பிரித்து வைக்க ஒரு கூண்டு. வழுவழுப்புக்குக் கிரீஸ். அந்தக் கிரீஸ் வெளியே போகாமலும், தண்ணீரும் தூசியும் உள்ளே வராமலும் காக்க ஒரு சீல். அவ்வளவுதான்.

குண்டுக்காக நடந்த யுத்தம்

வண்டி அச்சுக்குக் குண்டு வைத்த பேரிங்கை 1794-லேயே வேல்ஸ் தேசத்தைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர் பதிவு செய்து உரிமை பெற்றார். ஹென்றி டிம்கன் என்பவர் அமெரிக்காவில் கோச்சு வண்டி செய்து பெயர் பெற்றவர். வண்டி நேராகப் போகும்போது பாரம் மேலிருந்து மட்டும் அழுத்துகிறது; திரும்பும்போதோ பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இரண்டையும் தாங்குவதற்கு, ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் உள்ள உருளைகளை அமைத்து 1898-ல் அவர் உரிமை பெற்றார். நம் மலைச் சாலைகளில் ஏறுகிற பழைய ஜீப்புகளின் முன் சக்கரங்களில் இருப்பது இந்த ஜாதி உருளைகளே.

ஸ்வீடன் தேசத்தில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இன்ஜினியர் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தார். ஆலை நின்ற களிமண் பூமி அசைந்து கொடுத்ததால் யந்திரங்களின் தண்டுகள் கோணிப்போய், பேரிங்குகள் ஓயாமல் கெட்டுக்கொண்டிருந்தன. தண்டு சற்றுக் கோணினாலும் தானாகவே சரிப்படுத்திக்கொள்ளும் குண்டுப் பேரிங்கை அவர் செய்தார். அதற்காக 1907-ல் ஏற்பட்ட கம்பெனிதான் எஸ்.கே.எப்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்தச் சிறு குண்டுகளின் மகிமை உலகத்துக்குத் தெரிந்தது. ஜெர்மனியில் ஷ்வைன்பர்ட் என்ற ஊரில் பேரிங் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றை அழித்தால் எதிரியின் விமானமும் டாங்கியும் நின்றுவிடும் என்று கணக்கிட்டு, 1943-ஆம் வருஷம் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அமெரிக்கர்கள் பெரும் விமானப் படைகளை அனுப்பினார்கள். அக்டோபர் 14-ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் 60 விமானங்களை இழந்தார்கள். பிரிட்டிஷாரோ, ஸ்வீடனிலிருந்து பேரிங்குகளை விரைவுப் படகுகளிலும் விமானங்களிலும் ரகசியமாக ஏற்றி வந்தார்கள்.

நம் நாடு அந்நாளில் இந்த விஷயத்தில் அந்நியரையே எதிர்பார்த்திருந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முந்திய வருஷமாகிய 1946-ல் ஜயப்பூரில் நேஷனல் பேரிங் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது. இன்று இந்தியாவில் செய்த பேரிங்குகள் நம் ஊர்க் கடைகளிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் எவ்வளவு நல்ல பேரிங்கானாலும் ஒரு நாள் தேயத்தான் வேண்டும். அந்த நாளை எப்படி அறிவது?

காது சொல்லும் செய்தி

முதலில் செய்தி சொல்வது காதுதான். சக்கரத்திலிருந்து "ஊம்..." என்று ஒரு முனகல் புறப்படும். தம்பூராவின் சுருதியைப் போல ஒரே சீராக இருக்கும். வண்டியின் வேகம் கூடினால் சுருதியும் கூடும். வேகம் குறைந்தால் இறங்கும். நாளாக ஆக முனகல் உறுமலாகும். பிறகு கல்லை அரைப்பது போன்ற கரகரப்பாகும். இந்தச் சங்கீதத்துக்கு நம்மில் பலர் செய்யும் வைத்தியம், வண்டியிலுள்ள பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவிடுவது! நோய்க்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டி ஓட்டுகிறவருக்குச் சத்தம் சிறுகச் சிறுகக் கூடுவதால் காது பழகிப்போகிறது. எப்போதாவது ஒரு நாள் ஏறிப் பின் ஆசனத்தில் உட்காரும் பாட்டியம்மாள்தான், "ஏண்டாப்பா, வண்டி என்னமோ முனகுகிறதே!" என்று முதலில் கேட்பாள். அந்த வார்த்தையைத் தள்ளிவிடக் கூடாது.

எல்லா முனகலும் பேரிங்குடையது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜின் சத்தமானால், ஒரே வேகத்தில் வண்டி ஓடும்போது கியரை மாற்றினால் அதுவும் மாறும். பேரிங் சத்தம் மாறாது. பின் அச்சிலுள்ள பல் சக்கரங்களின் சத்தமானால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது ஒரு விதமாகவும் இருக்கும். டயர் சத்தமானால், பழைய கரடுமுரடான சாலையிலிருந்து புதிய வழவழப்பான சாலைக்கு வந்ததும் வெகுவாக மாறும். ஏறத்தாழ முனகல் மாறாமலே இருந்தால் பேரிங்மேல் சந்தேகம் கொள்ளலாம். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் பேரிங் மாதிரியே நடிக்கும். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் பார்த்தால், சத்தமும் கூடவே இடம் மாறுகிறதா என்பதிலிருந்து உண்மை வெளிப்பட்டுவிடும்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. அப்பொழுது முனகல் அதிகமானால் இடப்பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது அதிகமானால் வலப்பக்கத்தை. இது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இந்தச் சோதனையை ஜன நடமாட்டமில்லாத விசாலமான சமவெளிச் சாலையில் மெதுவான வளைவுகளில் செய்ய வேண்டுமே அன்றி, போடிமெட்டுச் சாலையில் செய்து பார்க்கக் கூடாது.

கை சொல்லும் செய்தி

அடுத்தபடி கையால் சோதிக்கலாம். வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, கீழே உறுதியான முட்டுக்கால் வைக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே தலையை நீட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். 'கடக் கடக்' என்று ஆட்டம் தெரிந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். இப்படி ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் குற்றம் ஸ்டீயரிங் இணைப்புகளில் இருக்கலாம். எப்படி ஆட்டினாலும் ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங் குற்றவாளி; மறையாவிட்டால் வேறு மூட்டுக்கள் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். திருகிச் சரிப்படுத்தும் பழைய உருளைப் பேரிங்கில் மிக நுண்ணிய ஆட்டம் இருப்பது தோஷமல்ல. மூடி முத்திரையிட்ட புதிய பேரிங்கில் ஆட்டமே தெரியக் கூடாது.

பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மற்றொரு கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்துப் பாருங்கள். நல்ல பேரிங் பட்டுப் போல ஓடும். கெட்ட பேரிங் மணலை அரைப்பது போன்ற அதிர்வைக் கைக்குச் சொல்லும்.

வேறு சில லக்ஷணங்களும் உண்டு. சமவெளியில், பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் சற்று நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், ஒரு சக்கரத்தின் குடம் மட்டும் மற்றவற்றைவிட அதிக உஷ்ணமாக இருக்கலாம். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் வழிந்திருக்கலாம். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தில் பேரிங் தளர்ந்தால், ஆடுகிற தட்டு பிரேக் கட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை பெடலை மிதிக்கும்போது வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். இக்காலத்துக் கார்களில் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் கருவியின் காந்த வளையம் பேரிங்கிலேயே இருப்பதுண்டு. ஆகையால் பேரிங் கெடும்போது ஏ.பி.எஸ். விளக்கு எரிவதும் உண்டு.

ஏன் கெடுகிறது?

பேரிங்கின் முதல் விரோதி தண்ணீர். மலையிலிருந்து இறங்கி வரும் வண்டியின் பிரேக்கும் குடமும் காய்ந்த தோசைக்கல்லைப் போலிருக்கும். அந்தச் சமயத்தில் காட்டாற்று நீரிலோ வாய்க்காலிலோ வண்டியை இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று திடீரென்று குளிர்ந்து சுருங்குகிறது. சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் கலந்த கிரீஸ் வெண்ணெய் போல வெளுத்துப்போகும். எஃகில் துரு ஏறும். அதிக அழுத்தத்தில் தண்ணீரைக் குடத்தின்மீது நேரே பீச்சிக் கழுவுவதும் இதே கெடுதலைச் செய்யும். ஆகவே மலை இறங்கிய வண்டி ஆறிய பிறகே ஸ்நானம் செய்வது நல்லது.

இரண்டாவது விரோதி அதிகப் பாரம். மூன்றாவது, பள்ளத்தில் 'தடால்' என்று விழுவது. அந்த அடி வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். நாலாவது விரோதி, அவசரக்கார மெக்கானிக். உருளைப் பேரிங்கின் நட்டை, "கெட்டியாக இருந்தால் நல்லது" என்று பலங்கொண்ட மட்டும் முறுக்கினால், பேரிங் சுட்டு நீலம் பாய்ந்து சீக்கிரமே செத்துப்போகும்.

என்ன செய்வது?

பழைய ஜாதி உருளைப் பேரிங்கானால், கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உருளையிலும் வளையத்திலும் குழியோ, செதில் உதிர்ந்த அடையாளமோ, நீலநிறமோ இல்லாவிட்டால், கிரீஸை உள்ளங்கையில் எடுத்து ஒவ்வோர் உருளைக்கும் இடையே புகும்படி அழுத்தி நிரப்பி, புதிய சீல் போட்டு மறுபடியும் உபயோகிக்கலாம். குற்றம் தெரிந்தால் உள் வளையம், வெளி வளையம் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதிய உருளையை ஓட்டுவது, பழந்துணியில் புதுத் துண்டை ஒட்டுப் போடுவதற்குச் சமானம். நட்டை, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முறுக்கி, பிறகு தளர்த்தி, அந்த வண்டியின் கைப்புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மெதுவாகச் சேர்த்து, புதிய காட்டர் பின் போட்டு வளைக்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடியும் போடுவதால் மிச்சமாகும் காசு மிகவும் சொற்பம். வரக்கூடிய நஷ்டத்துக்கு அளவில்லை. கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் 'விர்' என்று சுழல விட்டு வேடிக்கை பார்ப்பதும் கூடாது. சிதறி முகத்தில் அடிக்கும்.

புதிய கார்களில் உள்ள மூடிய பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தியம் கிடையாது. முழுவதையும் மாற்றுவதே வழி. இதை வீட்டு வாசலில் சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. அழுத்தும் யந்திரமுள்ள பட்டறையில் செய்ய வேண்டும். வெளி வளையத்தை ஏற்றும்போது வெளி வளையத்தையே அழுத்த வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் அந்தப் பலம் முழுவதும் குண்டுகளின் வழியாகப் போய், புதுப் பேரிங் பிறக்கும்போதே பழசாகிவிடும். காந்த வளையம் இருந்தால் அது சரியான பக்கம் பார்த்திருக்க வேண்டும். நடு நட்டை அளவுகாட்டும் ஸ்பானரால், கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். ஒரு பக்கம் கெட்டால் மறு பக்கத்தையும் மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை; சோதித்துப் பார்ப்பது போதும். போலிச் சரக்குகள் நடமாடுகிற காலமாகையால், நம்பிக்கையுள்ள கடையில் ரசீதுடன் வாங்குவது உத்தமம்.

எவ்வளவு தூரம் இப்படியே ஓட்டலாம் என்று சிலர் கேட்பார்கள். அதற்குக் கணக்குச் சொல்ல எவராலும் முடியாது. முனகல் மாத்திரம் இருந்தால் மெதுவாகச் சமவெளியில் அருகிலுள்ள பட்டறைக்குப் போகலாம். ஆட்டமோ, கரகரப்போ, தீய்ந்த வாசனையோ இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, வண்டியை வேறு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். முற்றும் தேய்ந்த பேரிங் ஒன்று பிடித்துக்கொள்ளும், அல்லது சக்கரத்தையே விட்டுவிடும். சமவெளியில் அது விபத்து. மலைச் சாலையில் அதன் பலனைச் சொல்ல வேண்டியதில்லை.

விடியற்காலை ஜீப்புகள்

கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். பொழுது விடிவதற்குள் போடியிலும், தேவாரத்திலும், கம்பத்திலும், கூடலூரிலும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குப் பாத்திரத்தில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள். அதில் இருக்க வேண்டியவர்களைக் காட்டிலும் அதிகமானவர்கள் இருப்பதும் புதிதல்ல. மலைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களில் நாள் முழுதும் உழைத்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் அவர்கள் இறங்கி வருகிறார்கள். நம் பாயசத்தில் மணக்கும் ஏலக்காயில் அவர்களுடைய பிரயாணமும் சேர்ந்திருக்கிறது.

அதிகப் பாரம், செங்குத்தான ஏற்றம், ஓயாத வளைவு, காய்ந்த பிரேக், மழை நீர் - பேரிங்கைக் கெடுப்பதற்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் அந்த ஜீப்பின் சக்கரத்துக்கு உண்டு. சொந்தக் காரின் முனகலைக் கேட்டால் நாம் வேறு காரில் போகலாம். அல்லது பிரயாணத்தை ஒத்திப் போடலாம். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சக்கரம் முனகுவது அவள் காதில் விழுந்தாலும், அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும் அதிகாரம் அவளிடம் இல்லை. அது வண்டியின் சொந்தக்காரரிடமும், அவளை வேலைக்கு அழைக்கும் தோட்டக்காரரிடமும் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் சக்கரங்களைத் தூக்கி ஆட்டிப் பார்க்க அரைமணி நேரம் போதும். மழைக் காலம் முடிந்ததும் கிரீஸ் மாற்ற ஒரு பகல் போதும். வண்டியின் பேரில் வரும் செலவுகளில் இவை மிகச் சிறியவை.

ஆகவே மலைக்குப் போகும் வண்டியில் ஏறும் எவரும், டிரைவரைப் பார்த்து, "அண்ணே, சக்கரம் முனகுகிறதே, பேரிங்கைப் பார்த்தீர்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல டிரைவர் அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டியை ஓரமாக நிறுத்திக் கீழே இறங்கிப் பார்ப்பார்.